இரட்டை பிளேடு மூவர் (புல்வெட்டும் இயந்திரம்): தீவனப் புல் வெட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து மலைச்சரிவுகளில் புல் அறுக்கும் விவசாயிகள் பலர் இரட்டை பிளேடு மூவரை விடாமல் வைத்திருக்கிறார்கள். வட்டு மூவர் வேகமாகச் சுழன்று புல்லை அடித்து வெட்டும். இரட்டை பிளேடு மூவரில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பல்வரிசைகள் எதிரெதிராக ஓடி, கத்தரிக்கோல் போல நறுக்கும். இழுவைச் சக்தி குறைவாகவே தேவை, டீசல் மிச்சம். சிறிய, எடை குறைந்த டிராக்டரே போதும் என்பதால் மண்ணும் இறுகாது.

ஆனால் கத்தரிக்கோலுக்குக் கூர்மைதான் உயிர். பலரும் தவறுவது இங்கேதான். மழுங்கிய வட்டு மூவர்கூட வேகத்தால் எப்படியோ சமாளித்துவிடும், இது சமாளிக்காது. புல்லைக் கிழிக்கும், பிய்க்கும், அடித்தூர் நைந்து மறுதழைவு பிந்தும். கையில் எப்போதும் தீட்டிய உபரி பிளேடு ஒரு செட் இருக்கட்டும். சாணை பிடிக்கும்போது அவசரப்பட்டு அழுத்தினால் விளிம்பு சூடேறி நீலம் பாரிக்கும். அப்புறம் அந்த எஃகில் கூர் நிற்காது.

கூர் இருந்தும் அடிக்கடி அடைக்கிறதா? இரண்டு பிளேடுகளுக்கும் நடுவே இடைவெளி விழுந்திருக்கும். திருகு தளர்ந்த கத்தரிக்கோலில் துணி மடங்கிச் சிக்குமே, அதேதான். அழுத்தத்தைச் சரிசெய்யாமல் வண்டி வேகத்தை மட்டும் மாற்றிப் பார்ப்பது வீண்.

அடுத்தது, ஒட்ட வெட்டும் ஆசை. 7 அல்லது 8 செ.மீ. தூர் விடுங்கள். இந்த மூவர் மண்ணை வாரி இறைக்காது, தீவனம் சுத்தமாக வரும். தரையை உரசி ஓட்டினால் அந்த நன்மையே போய்விடும், கல் பட்டுப் பல்லும் உடையும். மண்ணோடு வரும் கிளாஸ்ட்ரிடியா நுண்ணுயிர்கள் சைலேஜை (காற்றுப் புகாமல் புளிக்க வைத்த பசுந்தீவனத்தை) கெடுக்கும், பால் வழியாகப் போய்ப் பாலாடைக்கட்டியையும் உப்ப வைக்கும். மாடுகளுக்குச் சைலேஜே கொடுக்காமல் உலர்புல்லும் பசும்புல்லும் போட்டுக் கறக்கும் ஆஸ்திரியாவின் 'ஹேமில்க்' பாலுக்கு 2016-ல் ஐரோப்பிய ஒன்றியம் பாரம்பரியச் சிறப்புச் சான்று தந்தது. அந்தப் பால்காரர்களுக்கு மண் படாத புல் எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை.

சாய்ந்த புல்லை, அது சாய்ந்த திசையிலேயே ஓட்டி வெட்டாதீர்கள். எதிர்த்தோ குறுக்கேயோ போங்கள்.

தண்டை நசுக்கும் கருவி இதில் பெரும்பாலும் இருக்காது. அதனால் புல் காயக் கொஞ்சம் கூடுதல் நேரமாகும். பரப்பி விடாமல் போட்டால் அடிப்புல் பூஞ்சை பிடிக்கும். ஆனால் நசுக்காததால் பூவில் அமர்ந்த தேனீக்களுக்குச் சேதம் குறைவு. வயலின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வெட்டிக்கொண்டு வந்தால் தவளையும் முயலும் ஓடித் தப்பிக்க வழி கிடைக்கும். இதை எல்லோரும் செய்ய வேண்டும் என்று விரும்புகிறேன்.

நம் ஊரில் வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று: குதிரை மசால் மாதிரி மெல்லிய தண்டுக்கு இது பொருந்தும். முற்றித் தட்டை தடித்த கோ-4 நேப்பியர் தீவனப் புல்லில் விட்டு, மெஷின் சரியில்லை என்று சொல்லிவிடாதீர்கள்.

வேலை முடிந்ததும் பிளேடைக் கழுவி எண்ணெய் பூசுங்கள். புல்சாறு காய்ந்தால் பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும், மறுநாள் காலையில் பிளேடு அசையாது.