கணவன் மனைவி இருவரும் அமெரிக்கப் படையிலா? மாநில வரியை இப்படிப் பாருங்கள்

நம் ஊரில் வருமான வரி மத்திய அரசோடு முடிந்துவிடும். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களும் தனியாகக் கேட்கும். கிரீன் கார்டில் வந்து படையில் சேர்ந்தவர்கள், அதுவும் வீட்டில் இருவருமே சீருடை போடுபவர்கள், முதல் வரித் தாக்கலில் குழம்புவது இங்கேதான்.

உத்தரவின் பேரில் எந்த மாநிலத்துக்குப் போனாலும் அந்த மாநிலம் உங்கள் ராணுவச் சம்பளத்துக்கு வரி போட முடியாது. உங்கள் சட்டப்படியான இருப்பிட மாநிலம், அதாவது நிரந்தர வீடு என்று பதிவில் உள்ள மாநிலம்தான் போடலாம். எஸ்சிஆர்ஏ என்ற சட்டம் தரும் பாதுகாப்பு இது. இருப்பிடம் ஆளுக்கு ஆள் தனி. கல்யாணம் ஆனதும் தானாக ஒன்றாகிவிடாது.

கணவருக்கு டெக்சாஸ், மனைவிக்கு வட கரோலினா, இருவருக்கும் வேலை வர்ஜீனியாவின் நார்ஃபோக் தளத்தில் என்று வைத்துக்கொள்வோம். இருவர் ராணுவச் சம்பளத்திலும் வர்ஜீனியா கைவைக்காது. டெக்சாஸில் வருமான வரியே இல்லை. மிச்சம் மனைவியின் வட கரோலினா வரிதான். அதற்கும் 2023 ஜனவரியிலிருந்து வழி இருக்கிறது: வரிக்காக மட்டும் கணவரின் இருப்பிடம், மனைவியின் இருப்பிடம், பணியிட மாநிலம் ஆகிய மூன்றில் ஒன்றைத் தம்பதி தேர்ந்தெடுக்கலாம். ஆக, மனைவியும் டெக்சாஸைச் சொல்லலாம். சொன்ன பிறகு எல்இஎஸ் சம்பளச் சீட்டைப் பாருங்கள். பழைய மாநிலத்துக்கே வரி பிடித்துக்கொண்டிருந்தால் சம்பளப் பிரிவில் போய்ச் சொல்ல வேண்டும். பிடித்த பணத்தை அந்த மாநிலத்தில் படிவம் போட்டுத்தான் திரும்ப வாங்க முடியும்.

இருப்பிடத்தையே நிரந்தரமாக மாற்றுவது வேறு கதை. இருப்பிட மாநிலத்தைத் தெரிவிக்கும் டிடி 2058 படிவம் கொடுத்தால் மட்டும் போதாது; அங்கே உண்மையாகவே வாழ்ந்திருக்க வேண்டும், அதுவே வீடு என்ற எண்ணம் வேண்டும், லைசென்ஸும் வண்டிப் பதிவும் அதைக் காட்ட வேண்டும். வாக்காளர் பட்டியலிலும் பெயரைச் சேர்க்கச் சொல்வார்கள். குடியுரிமை கைக்கு வரும்வரை வாக்காளர் பதிவுப் பக்கமே போகாதீர்கள். வரியில் தப்பு நடந்தால் திருத்திக்கொள்ளலாம். குடிமகன் இல்லாதவர் வாக்காளராகப் பதிந்தால் குடியுரிமை விண்ணப்பமே சிக்கலாகும்.

பணியிட மாநிலம் வரி போட முடியாது என்ற சலுகை ராணுவச் சம்பளத்துக்குத்தான். படையில் இருப்பவர் சாயங்காலம் ஊபர் ஓட்டிச் சம்பாதித்தால் வர்ஜீனியா வரி கேட்கும். வாடகைக்கு விட்ட வீடு எந்த மாநிலத்தில் இருக்கிறதோ, வாடகைக்கு அந்த மாநிலம் கேட்கும். சென்னை ஃபிளாட் வாடகையையும் மறைக்க முடியாது: மத்திய படிவத்தில் காட்ட வேண்டும், வருமான வரி உள்ள மாநிலம் உங்கள் இருப்பிடமாக இருந்தால் அங்கேயும் காட்ட வேண்டும். பிஏஹெச் வீட்டுப்படிக்கு மட்டும் எங்கேயும் வரி கிடையாது.

மத்திய படிவத்தைச் சேர்ந்து போட்டாலும், இருப்பிடம் வேறுவேறாக இருந்தால் மாநிலப் படிவத்தைப் பிரித்துப் போட வேண்டி வரலாம். சில மென்பொருள்கள் இதில் சொதப்பும். படையினருக்கு உதவும் அரசு சேவையான மிலிட்டரி ஒன்சோர்ஸ் தரும் மில்டாக்ஸ் என்ற வரி மென்பொருள் படையினருக்காகவே செய்தது. மத்திய படிவத்தோடு மூன்று மாநிலப் படிவங்கள் வரை இலவசம். சரி, அதிலும் புரியவில்லையா? அவர்களிடமே வரி ஆலோசகர்கள் இருக்கிறார்கள், ஃபோனில் கேளுங்கள்.