பத்து வயதுப் பிள்ளைகளுக்கு ஹவ்தாலா: முதல்முறை பாடம் எடுப்பவர்களுக்கு ஒன்றரை மணி நேர வகுப்புத் திட்டம்

சனிக்கிழமை மாலை வானில் மூன்று நட்சத்திரங்கள் தெரிந்ததும் யூதர்களின் ஓய்வுநாளான சப்பாத் முடிகிறது. அந்த நாளை வழியனுப்பும் சிறு சடங்குதான் ஹவ்தாலா. திராட்சை ரசம், வாசனைப் பொருள், நெருப்பு, கடைசியில் புனித நாளையும் வேலை நாட்களையும் பிரித்துக் காட்டும் வாசகம் என நான்கு பிராகாக்கள், அதாவது ஆசி வாசகங்கள், வரிசையாக வரும். எல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

அமெரிக்காவில் பல யூத ஜெப ஆலயங்கள் ஞாயிறு காலையில் சமய வகுப்பு நடத்துகின்றன. அங்கே 4 முதல் 6-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிதாகப் பாடம் எடுப்பவர்கள் ஹவ்தாலாவிலிருந்து தொடங்கலாம். சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டும் படமும் போதும். ஒன்பது, பத்து வயதில் வாதாடும் ஆசை வந்துவிடுகிறது, அதற்குத் தீனி வேண்டும். ஆகவே முதலில் பொருளைக் கையில் கொடுங்கள். பிறகு மூலநூலைப் படிக்க வையுங்கள். பிராகா கடைசியில் வரட்டும். பிராகாவில் தொடங்கினால் அது வெறும் மனப்பாடமாகிவிடும், மறுவாரம் ஒரு வரிகூட மிஞ்சாது.

பாடத்துக்கு முன்பே தீர்க்க வேண்டியவை

சனி இரவு ஹவ்தாலா சொல்லத் தவறியவர்கள் செவ்வாய் மாலைவரை சொல்லலாம். ஆனால் அப்போது நெருப்பும் வாசனைப் பொருளும் கிடையாது. ஆகவே ஞாயிறு காலை மெழுகுவர்த்தி ஏற்றிச் செய்வது ஒத்திகைதான். இதைப் பிள்ளைகளிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். ஒத்திகையில் இறைவனின் பெயர் வரும் இடத்தில் 'ஹாஷெம்' (எபிரேயத்தில் 'அந்தப் பெயர்') என்று சொல்வது பல பள்ளிகளின் வழக்கம். உங்கள் ஆலயத்தின் வழக்கம் என்ன என்று ரபியிடம், அதாவது மதகுருவிடம், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வகுப்பு சனி காலையில் என்றால், சப்பாத் விதிகளைக் கடைப்பிடிக்கும் ஆலயத்தில் தீ, கத்தரிக்கோல், பேனா எதற்கும் இடமில்லை. இந்தப் பாடத்தை வேறு நாளுக்கு மாற்றத்தான் வேண்டும்.

அச்சிட்டுக் கொடுக்கும் தாளில் எபிரேயத்தில் இறைநாமம் முழுதாக இருந்தால், அதைக் குப்பையில் போடக் கூடாது. இப்படிப்பட்ட புனிதத் தாள்களுக்கான கெனிஸா பெட்டியில் சேர்த்துப் பின்னர் புதைப்பார்கள். இறைநாமத்துக்குப் பதில் 'ஹே' என்ற எபிரேய எழுத்தை மட்டும் போட்டு அச்சிட்டால் இந்தச் சிக்கல் வராது.

படி 1: மெழுகுவர்த்தி பின்னுதல் (25 நிமிடம்)

ஹவ்தாலாவுக்கு ஒற்றைச் சுடர் போதாது, பந்தம்போல் பல திரிகள் சேர்ந்து எரிய வேண்டும். பிள்ளைக்கு மூன்று மெல்லிய தேன்மெழுகு வர்த்திகள் கொடுங்கள். 25 செ.மீ. நீளம், சுண்டுவிரலைவிடக் குறைந்த தடிமன் சரியாக இருக்கும். கை பொறுக்கும் சூட்டிலுள்ள தண்ணீரில் திரி நனையாமல் மூன்று, நான்கு நிமிடம் கிடத்துங்கள். வளைத்தால் விரிசல் விடாமல் வளைய வேண்டும், அதுதான் பதம். துடைத்துவிட்டு, மேல்முனையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஜடை பின்னுவதுபோல் கீழே வரை பின்னலாம்.

இரண்டு இடங்களில் தவறும். தண்ணீர் ஆறிவிட்டால் வர்த்தி பாதிப் பின்னலில் உடையும், அதனால் நாலைந்து பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் புதிதாக வெந்நீர் ஊற்றுங்கள். சாதாரண பாரஃபின் வர்த்தி வாங்கினால் எளிதில் ஒடியக்கூடும். பின்னி முடித்ததும் திரிகளை ஒன்றாகத் திருகிவிடுங்கள். விலகி நின்றால் மூன்று சுடர் தனித்தனியாக எரியும். பின்னவே வராத பிள்ளை இரண்டு வர்த்திகளைச் சுடர் சேரும்படி பிடித்தாலும் போதும், விதிப்படி அதுவும் செல்லும்.

படி 2: வாசனை முடிச்சு (10 நிமிடம்)

10 செ.மீ. சதுர மெல்லிய பருத்தித் துணி, பத்துக் கிராம்பு, கட்டைவிரல் நீளப் பட்டை, மூன்று ஏலக்காய். இலங்கைப் பட்டை கிடைத்தால் நல்லது, பிள்ளைகள் கையாலேயே நொறுக்கலாம். தடித்த பட்டையை முந்தைய நாளே இடித்து வையுங்கள். பொடி மட்டும் வேண்டாம், துணி வழியாகக் கசிந்து வகுப்பு முழுக்கத் தும்மல்தான். சப்பாத்தில் கூடுதலாக ஒரு ஆத்மா வந்து தங்கி, நாள் முடிந்ததும் விடைபெறுகிறது என்பது மரபு. அந்தப் பிரிவின் சோர்வை மணம் ஆற்றுகிறது என்று முகரும்போதே சொல்லுங்கள்.

படி 3: சுடரைப் பார்த்தல், பிறகு மிஷ்னா (30 நிமிடம்)

பாடத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. சன்னலைத் திறந்து, விளக்கை அணைத்து, அலுமினியத் தட்டுக்கு மேலே பிடித்து ஒரே ஒரு வர்த்தியை நீங்கள் ஏற்றுங்கள். பின்னல் வர்த்தியின் சுடர் உயரமாக எழும், மெழுகும் வேகமாக ஒழுகும். நீண்ட கூந்தலை முன்பே கட்டச் சொல்லிவிடுங்கள். "எத்தனை நிறம் தெரிகிறது?" என்பது மட்டும்தான் கேள்வி. திரியை ஒட்டி நீலம், நடுவில் வெண்மஞ்சள், ஓரத்தில் செம்மஞ்சள் என்று ஒவ்வொருவரும் எழுதட்டும். இரண்டு நிமிடம் போதும், அணைத்துவிடுங்கள்.

இப்போது இருவர் இருவராக, ஹவ்ரூதா முறையில், பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் பெராகோத் என்ற பகுதியின் 8:5-ஐக் கொடுங்கள். நெருப்புக்கான வாசகத்தில் 'ஒளி' என்று சொல்வதா 'ஒளிகள்' என்று சொல்வதா என்று ஷம்மாய், ஹில்லேல் என்ற பழங்கால யூத அறிஞர்கள் இருவரின் பள்ளிகளும் மோதுகின்றன. ஒருவர் ஷம்மாய், மற்றவர் ஹில்லேல். வாதம் சூடு பிடித்த பிறகு மிஷ்னாவை விவாதிக்கும் நூலான தல்மூதின் வரியைக் காட்டுங்கள்: நெருப்பில் பல ஒளிகள் உண்டு என்கிறது ஹில்லேல் தரப்பு. அதற்கு உரை எழுதிய ராஷி சிவப்பு, வெள்ளை, பச்சை கலந்த நிறம் என்று சுடரின் நிறங்களைப் பட்டியலிடுகிறார். தங்கள் பட்டியலையும் 11-ஆம் நூற்றாண்டு ராஷியின் பட்டியலையும் பிள்ளைகள் ஒப்பிடட்டும். பச்சையைப் பற்றிச் சண்டை வரும், விட்டுவிடுங்கள். ஷம்மாய் தரப்பை முட்டாள்தனம் என்று யாரும் ஒதுக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தோற்ற கருத்தையும் மிஷ்னா பெயர் சொல்லிப் பதிந்து வைத்திருக்கிறது.

படி 4: நான்கு பிராகாக்கள் (15 நிமிடம்)

1. போரே ப்ரி ஹகாஃபென், திராட்சைச் சாற்றுக்கு.
2. போரே மினே பெசாமிம், வாசனைக்கு.
3. போரே மெஓரே ஹாஏஷ், நெருப்புக்கு. ஹில்லேலின் 'ஒளிகள்' இதில் இருப்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.
4. ஹமாவ்தீல் பேன் கோதெஷ் லெஹோல், பிரித்தலுக்கு.

நான்காவது நீளமானது, இன்று முதல் வரி போதும்.

படி 5: முழு ஒத்திகை (10 நிமிடம்)

கிண்ணம் வழியும் அளவுக்குச் சாறு ஊற்றுங்கள், கீழே தட்டு அவசியம். முதல் பிராகா சொன்னவுடன் குடிக்கக் கை நீளும். நான்கும் முடிந்துதான் குடிக்க வேண்டும், முழு ஹவ்தாலாவும் அந்தக் கிண்ணத்தின் மேல்தான் சொல்லப்படுகிறது. நெருப்புக்கான வாசகத்தின்போது விரல்களை மடக்கி நகத்தில் சுடரொளியைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒளியால் பயன் கிடைக்கும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது பெராகோத் 8:6-இன் விதி. குடித்த பிறகு தட்டில் சிந்திய சாற்றில் சுடரை முக்கி அணையுங்கள். புகை அதிகம் வருவது இந்தக் கணத்தில்தான். புகை எச்சரிக்கைக் கருவிக்கு நேர்கீழே நின்றால் கட்டடமே காலியாகும்.

வீட்டுக்கு அனுப்பும்போது

இந்தப் பாடத்தை நவம்பர் முதல் ஜனவரிக்குள் எடுங்கள். நியூயார்க்கில் டிசம்பரில் மாலை ஐந்தேகால் வாக்கில் மூன்று நட்சத்திரம் தெரியும், ஜூனில் இரவு ஒன்பதைத் தாண்டிவிடும், பிள்ளைகள் தூங்கிப்போவார்கள். பெற்றோருக்கு எழுதும் சீட்டில் வரும் சனிக்கிழமை சப்பாத் முடியும் நேரத்தைக் குறிப்பிடுங்கள். பெரியவர் ஒருவர்தான் பற்றவைக்க வேண்டும் என்பதையும், நனைந்த திரியை அடுத்த வாரத்துக்குள் உலர்த்தி நுனி வெட்ட வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.