ஆஷ்விட்ஸ் போகிறவர்களுக்கு

போலந்தின் கிராக்கோவிலிருந்து நாஜிகள் லட்சக்கணக்கான யூதர்களைக் கொன்ற ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்குப் போவதாக இருந்தால் நுழைவுச் சீட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிடுங்கள். வழிகாட்டி இல்லாமல் பார்க்கக் கட்டணம் கிடையாது. ஆனாலும் சீட்டு வேண்டும், பாஸ்போர்ட்டும் வேண்டும். பெரிய பைகளை உள்ளே விடமாட்டார்கள்.

முதல் முகாமோடு திரும்பிவிடாதீர்கள். சுமார் 3 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இரண்டாம் முகாமான பிர்கெனாவுக்கு இலவச பஸ் உண்டு. பரந்த வெட்டவெளி, தொப்பியும் தண்ணீரும் அவசியம்.

முதல் முகாமின் 4ஆம் கட்டடத்தில், கொல்லப்பட்டவர்களின் தலைமுடி கண்ணாடிக்குப் பின்னால் குவிந்து கிடக்கிறது. அங்கே படம் எடுக்கத் தடை. மக்களை ரயிலில் கொண்டுவந்து இறக்கிய பிர்கெனாவ் தண்டவாளத்தில் செல்ஃபி கூடாது என்பதற்குப் பலகை வைக்க வேண்டுமா என்ன? பக்கத்தில் நிற்பவர் தன் பாட்டியை அங்கே பறிகொடுத்தவராக இருக்கலாம்.

வியலிச்கா உப்புச் சுரங்கத்தையும் அதே நாளில் சேர்த்து விற்கும் சுற்றுலாக்கள் எனக்கு ஒப்பவில்லை. சுரங்கத்தை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.