கடலில் எங்கே இருக்கிறோம் என்று கண்டுபிடிக்க, காரைக்குடி வளவு முற்றத்தில் பழகுங்கள்

காரைக்குடியிலிருந்து கடலைப் பார்க்கத் தொண்டி வரைக்கும் போக வேண்டும். ஆனால் சூரியனையும் நட்சத்திரத்தையும் வைத்துக் கப்பல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும் கணக்கைப் பழக அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. வெயில் விழும் முற்றம், ஒரு தாம்பாளம், கால் லிட்டர் விளக்கெண்ணெய், கோணம் அளக்கும் செக்ஸ்டன்ட் ஒன்று, நேரம் சரியாகக் காட்டும் போன், சைன் காஸ் போடும் கால்குலேட்டர், சூரியனும் நட்சத்திரங்களும் எந்த நேரத்தில் எங்கே என்று சொல்லும் அந்த வருடத்து நாட்டிகல் அல்மனாக், இவ்வளவுதான் தேவை. வீட்டில் பழகச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வீட்டில் விடை ஏற்கெனவே தெரியும். நம்ம ஊர் ஏறக்குறைய 10 டிகிரி 4 கலை வடக்கு, 78 டிகிரி 47 கலை கிழக்கு. கணக்கு முடிந்ததும் எத்தனை மைல் தப்பினோம் என்று உடனே தெரிந்துவிடும், கடலில் அந்த வசதி கிடையாது.

(டிகிரியை 60 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு கலை. கப்பலில் இதையும் மினிட் என்றுதான் சொல்வோம். நேரத்தின் நிமிடத்தோடு குழம்பாமல் இருக்க இங்கே கலை என்றே எழுதுகிறேன்.)

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்து தானாக வரும். எந்த நொடியை எடுத்தாலும் பூமியில் ஏதோ ஓர் இடத்துக்குச் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. அந்த இடம் எது என்று அல்மனாக் நொடிக் கணக்காகச் சொல்லிவிடும். உங்கள் தலைக்கு நேர் மேலிருந்து சூரியன் எத்தனை கலை சரிந்திருக்கிறதோ, அத்தனை கடல் மைல் அந்த இடத்திலிருந்து நீங்கள் தள்ளி இருக்கிறீர்கள். ஒரு கலைக்கு ஒரு கடல் மைல், அதாவது 1852 மீட்டர். ஆக ஒரு தடவை அளந்தால் ஒரு பெரிய வட்டம் கிடைக்கும், அந்த வட்டத்தின் மேல் எங்கோ நீங்கள் இருக்கிறீர்கள். இரண்டாவது அளவு இன்னொரு வட்டத்தைத் தரும், இரண்டும் வெட்டும் இடம்தான் கப்பல்.

நேரக் கணக்கு நமக்குப் புதிதில்லை. ஒரு நாளுக்கு 60 நாழிகை, பூமி ஒரு சுற்றுக்கு 360 டிகிரி, ஆகவே நாழிகைக்கு 6 டிகிரி. மணிக்கு 15 டிகிரி என்று கப்பலில் சொல்வதும் இதைத்தான். அதையே பிரித்துக்கொண்டே போனால் கடிகாரத்தில் 4 செகண்ட் தப்பு ஒரு கலை தப்பு, பூமத்திய ரேகைப் பக்கம் ஒரு மைல். பயிற்சிக் காலத்தில் நான் ஒருமுறை கடிகாரத்தில் நிமிடத்தை ஒன்று கூட்டி எழுதிவிட்டேன், சார்ட்டில் (கடல் வரைபடத்தில்) கப்பல் 15 மைல் தள்ளிப் போய் உட்கார்ந்தது. அன்றிலிருந்து முதலில் செகண்டை எழுதுவேன், அப்புறம் நிமிடம், கடைசியில் மணி. செகண்ட்தான் முதலில் ஓடிப்போகும்.

இனி முற்றத்துக்கு வருவோம். கடலில் சூரியனைத் தொடுவானத்தின் கோட்டில் இறக்கி உட்கார வைத்து அளப்போம். ஊருக்குள் தொடுவானம் எங்கே இருக்கிறது, எதிர் வீட்டு முகப்பு மறைக்கிறது. அதனால் எண்ணெயில் தெரியும் சூரியனையே பிடித்துக்கொள்கிறோம். தாம்பாளத்தின் உட்புறம் விளக்குக் கரியைத் தடவிக் கறுப்பாக்கிவிட்டு எண்ணெயை ஊற்றுங்கள். தண்ணீர் வேண்டாம், யாராவது பட்டாலையில் நடந்தாலே நடுங்கும். விளக்கெண்ணெய் கெட்டி, சீக்கிரம் அடங்கிவிடும். நான்கு பக்கமும் கட்டடம் சூழ்ந்த முற்றத்தில் காற்றும் அதிகம் வராது, நம்ம ஊர் வீடுகளை இதற்கென்றே கட்டினார்களோ என்று எனக்குத் தோன்றும்.

தெற்கே பார்த்து உட்காருங்கள். தரையில் உட்கார்ந்தால் கண் இரண்டரை அடி உயரத்தில் இருக்கும் என்றால், மார்கழி நடுப்பகலில் தட்டு உங்களுக்கு ஒன்றே முக்கால் அடி முன்னால் இருக்க வேண்டும். கண்ணுக்குப் பாதுகாப்பு: செக்ஸ்டன்டில் இரண்டு தொகுதி கறுப்புக் கண்ணாடிகள் உண்டு. கடலில் பெரும்பாலும் ஒரு தொகுதியே போதும், எண்ணெய்த் தட்டுக்கு இரண்டையும் போட்டே ஆக வேண்டும், ஏனென்றால் மேலே இருப்பதும் சூரியன், கீழே தெரிவதும் சூரியன். மிகவும் கறுத்த கண்ணாடியில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகக் குறையுங்கள். இதில் அவசரமே கூடாது.

செக்ஸ்டன்டின் கையை நகர்த்தி மேல் சூரியனை இறக்கி, அதன் கீழ் விளிம்பு எண்ணெய்ச் சூரியனின் மேல் விளிம்பைத் தொடும்படி வையுங்கள். இரண்டு ஆரஞ்சுப் பழங்களை ஒன்றின் மேல் ஒன்று வைத்த மாதிரி இருக்கும். சூரியன் ஏறிக்கொண்டிருக்கும்போது இரண்டும் மெல்லப் பிரியும், நீங்கள் திருகைத் திருப்பி மறுபடி சேர்ப்பீர்கள், மறுபடி பிரியும். உச்சி நெருங்க நெருங்கப் பிரிவது குறைந்து, இரண்டு மூன்று நிமிடம் ஒட்டியபடியே நிற்கும். பிறகு ஒன்றுக்குள் ஒன்று ஏறத் தொடங்கும். ஒட்டி நின்றபோது இருந்த எண்தான் உங்களுக்கு வேண்டியது. திருகைத் தொடாமல் படியுங்கள்.

ஏன் மார்கழி என்கிறேன்? எண்ணெய்த் தட்டில் அளந்தால் உண்மையான உயரத்தைப் போல இரண்டு மடங்கு கோணம் வரும். சாதாரண செக்ஸ்டன்ட் 120 டிகிரிக்குக் கொஞ்சம் மேல் வரைதான் காட்டும், ஆக 60 டிகிரிக்கு மேல் ஏறிய சூரியனை இந்த முறையில் பிடிக்க முடியாது. நம்ம ஊரில் நடுப்பகல் சூரியன் 60 டிகிரிக்குக் கீழே நிற்பது ஏறக்குறைய நவம்பர் 21லிருந்து ஜனவரி 21 வரைதான். மற்ற மாதங்களில் காலையிலோ சாயங்காலமோ எடுக்கலாம், உச்சி எடுக்க முடியாது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் நம் தலைக்கு நேர் மேலேயே வந்துவிடும். ஜூனில் வடக்குப் பக்கம் நிற்கும், அப்போது கழிக்க வேண்டியதைக் கூட்டிக் கணக்கைக் கெடுத்தவர்கள் பலர்.

சரி, ஒரு கணக்கு போடுவோம். டிசம்பர் 21, கருவி காட்டியது 112 டிகிரி 29.4 கலை. உங்கள் செக்ஸ்டன்டின் பிறவிப் பிழை 1.4 கலை கூடுதலாகக் காட்டுகிறது என்று வையுங்கள். (சைபரில் வைத்துத் தூரத்துக் கோபுரத்தின் உச்சியையோ ஒரு நட்சத்திரத்தையோ பார்த்து, இரண்டு பிம்பமும் ஒன்றாகும்படி திருகினால் இந்தப் பிழை தெரியும்.) கழித்தால் 112 டிகிரி 28.0 கலை. இப்போது பாதியாக்குங்கள்: 56 டிகிரி 14.0 கலை. வரிசை முக்கியம், பிழையை முதலில் கழித்துவிட்டு அப்புறம்தான் பாதி.

அடுத்து சின்னச் சின்னத் திருத்தங்கள். காற்று மண்டலம் ஒளியை வளைத்துச் சூரியனைத் தூக்கிக் காட்டுகிறது, அதற்கு 0.6 கலை கழிக்க வேண்டும். நாம் தொட்டது கீழ் விளிம்பு, நமக்கு வேண்டியது நடு, அதற்கு 16.3 கலை கூட்ட வேண்டும். பூமியின் நடுவிலிருந்து பார்க்காமல் மேற்பரப்பிலிருந்து பார்ப்பதற்கு 0.1 கூட்ட வேண்டும். மொத்தம் கூட்டல் 15.8. உண்மை உயரம் 56 டிகிரி 29.8 கலை. 90லிருந்து கழித்தால் 33 டிகிரி 30.2 கலை, இதுதான் உச்சியிலிருந்து சரிவு. அன்று சூரியன் நேர் உச்சியில் நிற்கும் இடம் தெற்கே 23 டிகிரி 26.2 கலையில். நாம் அதற்கு 33 டிகிரி 30.2 கலை வடக்கே இருக்கிறோம். கழித்துப் பாருங்கள், 10 டிகிரி 4.0 கலை வடக்கு. நம்ம வீடு!

தீர்க்கரேகைக்குப் பொறுமை வேண்டும். உச்சியில் சூரியன் நிதானமாக நிற்பதால் எந்த நொடி உச்சி என்று கண்ணால் சொல்ல முடியாது. அதனால் காலையில் ஒரு கோணத்தில் கருவியைப் பூட்டி, இரண்டு சூரியனும் தொடும் நொடியை எழுதுங்கள், 10:41:20 என்று வையுங்கள். கருவியை அப்படியே பத்திரமாக வைத்துவிட்டு, பிற்பகலில் அதே கோணத்துக்கு இறங்கும்போது மறுபடி எழுதுங்கள், 13:44:24. இரண்டுக்கும் நடு 12:12:52.

போன மார்கழியில் அக்கா மகன் பக்கத்தில் உட்கார்ந்து நேரம் எழுதினான். “ஏன் அம்மான், உச்சிப்பொழுதுன்னா 12 மணிதானே? நம்ம வீட்டுக்கு மட்டும் ஏன் 12:13?” என்று கேட்டான். நல்ல கேள்வி, தீர்க்கரேகைக் கணக்கு முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. இந்திய நேரம் 82½ டிகிரிக் கோட்டுக்கு வைத்த நேரம். நாம் அதற்கு 3 டிகிரி 43 கலை மேற்கே இருக்கிறோம், சூரியன் அங்கிருந்து இங்கே வர 14 நிமிடம் 52 செகண்ட் ஆகும். அதோடு சூரியன் கடிகாரம் மாதிரி சீராக ஓடாது, அந்த நாட்களில் சுமார் 2 நிமிடம் முந்தி வருகிறது. சரியான எண்ணை அந்த வருட அல்மனாக்கில் பாருங்கள், நான் இங்கே 2 என்றே வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் தீர்க்கரேகையின் சைபர் கோடான கிரீன்விச்சில் உச்சி 11:58:00. நம் உச்சியைக் கிரீன்விச் நேரத்துக்கு மாற்ற ஐந்தரை மணியைக் கழித்தால் 06:42:52. வித்தியாசம் 5 மணி 15 நிமிடம் 8 செகண்ட். மணிக்கு 15 டிகிரி என்று பெருக்கினால் 78 டிகிரி 47 கலை கிழக்கு. பையன் கூகுள் மேப்பைத் திறந்து பார்த்தபோது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

கப்பலில் இந்தக் காலை-பிற்பகல் முறை அவ்வளவு சரிப்படாது, இடையில் மூன்று மணி நேரம் கப்பல் ஓடிவிடும். அங்கே இன்னொரு வழி. 1837 டிசம்பரில் சம்னர் என்ற அமெரிக்கக் கேப்டன், மேகத்துக்கு நடுவே ஒரே ஒரு தடவை சூரியன் எட்டிப் பார்த்ததை வைத்து, ஒரு சைட்டுக்கு (ஒரு தடவை அளப்பதற்கு) ஒரு கோடு கிடைக்கும் என்று கண்டுகொண்டார். 1870களில் பிரெஞ்சுக் கடற்படையின் சென்ட் ஹிலேர் அதை எளிதாக்கினார். இன்றும் போடுவது அவர் வழிதான்: இங்கே இருப்போம் என்று ஓர் இடத்தை உத்தேசமாக எடுத்துக்கொள்வது, அங்கிருந்து பார்த்தால் சூரியன் எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்று கணக்குப் போடுவது, அளந்ததோடு ஒப்பிடுவது.

என் ஐயா காலத்தில் ரஜூலா கப்பல் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குப் போன வழியையே எடுத்துக்கொள்வோம். அதே டிசம்பர் 21, உத்தேச இடம் 9 டிகிரி வடக்கு, 85 டிகிரி கிழக்கு. கிரீன்விச் நேரம் 09:18:00. அப்போது சூரியன் கிரீன்விச்சுக்கு மேற்கே 320 டிகிரியில். நம் கிழக்கு 85ஐக் கூட்டினால் 405, ஒரு சுற்றைக் கழித்தால் 45. அதாவது நம் உச்சியைத் தாண்டி 45 டிகிரி மேற்கே போய்விட்டது. கால்குலேட்டரில் சைன் 9ஐத் தெற்கு 23 டிகிரி 26.2 கலையின் சைனால் பெருக்குங்கள், தெற்கு என்பதால் மைனஸ் குறி. அப்புறம் காஸ் 9, காஸ் 23 டிகிரி 26.2 கலை, காஸ் 45 மூன்றையும் பெருக்கி அதோடு சேருங்கள். விடை சுமார் 0.5786. தலைகீழ் சைன் போட்டால் 35 டிகிரி 21.0 கலை.

அளந்து திருத்திய உயரம் 35 டிகிரி 26.0 என்று வையுங்கள். கடலில் இன்னொரு திருத்தமும் உண்டு: கப்பலை நடத்தும் மேல் தளமான பாலத்தில் (பிரிட்ஜ்) நிற்பதால் தொடுவானம் தாழ்ந்து தெரியும், கண் 16 மீட்டர் உயரத்தில் இருந்தால் 7.0 கலை கழிக்க வேண்டும். எண்ணெய்த் தட்டுக்கு இது கிடையாது, பழக்கதோஷத்தில் கழித்துவிடாதீர்கள். அளந்தது 5 கலை கூடுதல். உயரம் கூடினால் சூரியனை நோக்கி நெருங்கி இருக்கிறோம், குறைந்தால் விலகி. சூரியன் அப்போது 233 டிகிரித் திசையில், தென்மேற்கே. உத்தேச இடத்திலிருந்து அந்தத் திசையில் 5 மைல் கோடு போட்டு, அதன் முனையில் குறுக்கே செங்குத்தாக இன்னொரு கோடு போடுங்கள். கப்பல் அந்தக் குறுக்குக் கோட்டின் மேல் இருக்கிறது.

இன்னொரு கோட்டுக்கு நட்சத்திரம். நட்சத்திரமும் தெரிய வேண்டும், தொடுவானமும் தெரிய வேண்டும், அதற்கு ஏற்ற நேரம் சூரியன் 6 டிகிரி தாழ்ந்ததிலிருந்து 12 டிகிரி தாழும் வரை. நம் பக்கத்துக் கடலில் சூரியன் செங்குத்தாகவே இறங்குவதால் இது ஏறக்குறைய ஒரு நாழிகை, 24 நிமிடத்தை ஒட்டி. அதற்குள் மூன்று நட்சத்திரமாவது எடுக்க வேண்டும். அல்மனாக்கில் தேர்ந்தெடுத்து வைத்திருக்கும் 57 நட்சத்திரங்களைப் பார்த்துப் பயப்படாதீர்கள், பலர் நம் பஞ்சாங்கத்து உறவுக்காரர்கள். ஆல்டெபரன் நம் ரோகிணி, பீட்டல்ஜூஸ் திருவாதிரை, ரெகுலஸ் மகம், ஸ்பைகா சித்திரை, ஆர்க்டரஸ் சுவாதி, அன்டாரஸ் கேட்டை, கனோபஸ் அகத்தியர். மார்கழி இரவில் மொட்டை மாடியில் நின்று ரோகிணியையும் திருவாதிரையையும் அகத்தியரையும் பெயர் சொல்லி அடையாளம் காட்டப் பழகிவிட்டால், பாலத்தில் நிற்கும்போது தடுமாற மாட்டீர்கள்.

துருவ நட்சத்திரத்துக்கு இவ்வளவு கணக்குகூட வேண்டாம். அது தொடுவானத்துக்கு மேல் எவ்வளவு உயரமோ அதுவே ஏறக்குறைய உங்கள் அட்சரேகை, முக்கால் டிகிரிக்குள் ஒரு சின்னத் திருத்தத்தோடு. சோழ மண்டலக் கரையில் முடிச்சுப் போட்ட கயிற்றில் ஒரு பலகையைக் கட்டி, கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு இதை அளந்தார்கள், இராப்பலகை என்பார்கள். ஊருக்கு வெளியே கண்மாய்க் கரையில் நின்று, கையை முழுதாக நீட்டி முஷ்டியை வடக்கு அடிவானத்தின் மேல் வைத்துப் பாருங்கள். ஒரு முஷ்டி அகலம் ஏறக்குறைய 10 டிகிரி, துருவம் கட்டைவிரலுக்கு மேலே எட்டிப் பார்க்கும்.

மூன்று கோடும் ஒரே புள்ளியில் வெட்டாது, சின்ன முக்கோணம் வரும். ஓரிரு மைல் முக்கோணம் என்றால் நல்ல சைட், நடுவில் புள்ளி வைத்து நேரத்தை எழுதுங்கள். பத்து மைல் வந்தால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள், அப்புறம் பிறவிப் பிழையின் குறி கூட்டலா கழித்தலா என்று பாருங்கள், கடைசியாக எடுத்தது அந்த நட்சத்திரம்தானா என்று பாருங்கள். என் அனுபவத்தில் தப்பு பெரும்பாலும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.