பிரெஞ்சு நாடகமும் கட்டுரையும்: நான் படிக்கும் வழி

நூற்றாண்டு வரிசையில் தொடங்க வேண்டாம். 16ஆம் நூற்றாண்டு பிரெஞ்சின் எழுத்துக்கூட்டலே வேறு; முதல் வாரத்திலேயே மனம் சோர்ந்துவிடும். நான் தொடங்கியது 17ஆம் நூற்றாண்டு நாடகாசிரியர் மொலியேரின் ‘தார்த்யூஃப்’ நாடகத்தில். 1664இல் தடை செய்யப்பட்டு, 1669இல்தான் தடை முழுதும் நீங்கி மேடைக்கு வந்த நாடகம் அது. ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு, எல்லாப் பாத்திரங்களையும் நீங்களே வாய்விட்டுப் படியுங்கள்.

அப்புறம் ஒவ்வொரு அடியிலும் உள்ள அசைகளை விரல்விட்டு எண்ணுங்கள். அந்த நாடகம் எழுதப்பட்ட செய்யுள் வடிவமான அலெக்சாந்திரீனில் ஓர் அடிக்கு 12 அசை; ஆறாவதற்குப் பின் சின்ன நிறுத்தம். இந்த ஓசை காதில் ஏறினால்தான் விக்டர் ஹ்யூகோவின் ‘எர்னானி’ நாடகம் 1830இல் ஏன் அரங்கைக் கொதிக்க வைத்தது என்று புரியும். அதன் முதல் அடி ‘படிக்கட்டு’ என்று முடிகிறது. பிரெஞ்சில் அதற்குப் பின்னால் வரும் ‘மறைவான’ என்ற அடைமொழி அடுத்த அடிக்குத் தாவிவிடுகிறது. மரபை மதித்தவர்களுக்கு அந்தத் தாவலே அத்துமீறல்.

கட்டுரைக்கு 16ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் மோந்தேன்தான். 1580 பதிப்பு, 1588 பதிப்பு, அதன்பின் அவர் ஓரத்தில் கைப்பட எழுதியவை என்று அவருடைய கட்டுரைகளின் மூன்று அடுக்குகளையும் குறித்துக்காட்டும் பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். இதில் மட்டும் காசு பார்க்காதீர்கள். இறந்த நண்பனை ஏன் நேசித்தேன் என்று சொல்லவே முடியாது என்று முதலில் எழுதுகிறார். பல வருடம் கழித்து ஓரத்தில், ‘அது அவன் என்பதால்’ என்று சேர்க்கிறார். பிறகு வேறு மையில், ‘அது நான் என்பதால்’. போர்தோ நூலகத்தில் இருக்கும் அந்தப் பக்கத்தின் படத்தைப் பார்த்த அன்று நான் வேறு எதுவும் படிக்கவில்லை.

சாமுவேல் பெக்கெட்டின் ‘கோதோ’ (‘கோதோவுக்காகக் காத்திருத்தல்’) நாடகம் 1953இல் மேடையேறியது. பிரெஞ்சு எளிது; ஆனாலும் கடைசியில் படியுங்கள்.