உபினில் ஓர் இரவு: ஓய்வுபெற்ற தம்பதிக்குக் கூடாரக் குறிப்புகள்

ஆகஸ்ட்டில் ஏரிக்கரையில் கூடாரம் போட்டுப் படுக்க ஆசை என்றால், சிங்கப்பூரில் மெக்ரிட்சி மாதிரி நீர்த்தேக்கக் கரைகளில் அதற்கு இடமில்லை. நமக்குக் கடலோரம்தான். ஈஸ்ட் கோஸ்ட், பாசிர் ரிஸ் பூங்காக்களில் இதற்கென்று ஒதுக்கிய பகுதிகள் உண்டு, தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும். அமைதி வேண்டுமென்றால் படகில் போகும் புலாவ் உபின் தீவு. அங்கே ஜெலுத்தோங் முகாமிடமே வசதி, படகுத்துறையிலிருந்து நடந்தே போய்விடலாம். இறங்கியதும் தீவின் காவல் நிலையத்தில் சொல்லிவிடுங்கள். இதய நோய் உள்ளவர்களுக்கு உபின் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. இரவில் அங்கிருந்து எதிர்க்கரையான சாங்கிக்கு வழக்கமான படகு கிடையாது. பாசிர் ரிஸ்ஸில் என்றால் ஆம்புலன்ஸ் பூங்கா வரை வந்துவிடும்.

இந்தப் பருவத்தில் நிஜமான எதிரி சுமத்ரா சூறைக்காற்று. பெரும்பாலும் விடியலுக்கு முன்னோ காலையிலோ மேற்கிலிருந்து வரும். வேகம் மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர். மாலையில் வானம் தெளிவாக இருந்ததே என்று இழுகயிறு கட்டாமல் படுப்பவர்களின் கூடாரம்தான் அதிகாலை நாலு மணிக்குச் சாயும். அதனால் வெளிச்சம் இருக்கும்போதே, மாலை 5 மணிக்குள், கூடாரத்தை முடித்துவிடுங்கள்.

குறுகிய பக்கம் மேற்கைப் பார்க்கட்டும், வாசல் கிழக்கே. முளை 20 சென்டிமீட்டருக்குக் குறையாத இரும்பாக இருக்கட்டும். கூடாரத்தோடு வரும் மெல்லிய கம்பி கல்லும் கட்டியுமான தரையில் வளைந்துவிடும். முளையின் தலை கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் சாயும்படி 45 பாகையில் ரப்பர் சுத்தியால் அடியுங்கள். நேராக அடித்த முளையைக் காற்று ரெண்டே இழுப்பில் பிடுங்கிவிடும். அடியில் போடும் தார்ப்பாயின் ஓரத்தைச் சுற்றிலும் 5 சென்டிமீட்டர் உள்ளே மடித்துவிடுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மேலே விழும் மழையைப் பிடித்து அடியில் குளமாக்கிவிடும், படுக்கை நனைவது பெரும்பாலும் இதனால்தான். தென்னைக்கும் பட்டுப்போன கிளைக்கும் அடியில் போடாதீர்கள். இடி கேட்டால் கூடாரத்துக்குள் இருக்க வேண்டாம், கிராமத்தில் கட்டடம் எதற்குள்ளாவது போய்விடுங்கள்.

முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் காற்று மெத்தை சரிப்படாது, அமுங்கிவிடும், கையூன்றி எழ முடியாது. 40 சென்டிமீட்டர் உயரமுள்ள மடக்குக் கட்டில் போதும். கால்கள் தரைத்துணியைக் கிழிக்காமல் இருக்கப் பழைய யோகா பாயைத் துண்டு வெட்டி ஒவ்வொன்றுக்கும் அடியில் வையுங்கள். இரவில் கழிவறைக்கு எழ வேண்டியவர் வாசல் பக்கம் படுக்கட்டும், தலைவிளக்கும் செருப்பும் கைக்கெட்டும் தூரத்தில். இழுகயிறுகளில் வெள்ளைத் துணி கட்டினால் தடுக்கி விழ மாட்டீர்கள்.

குடிநீரைக் கையோடு கொண்டுபோங்கள், இருவருக்கும் ஓர் இரவுக்கு 8 லிட்டர். அதில் ரெண்டு பாட்டிலை முந்தின நாளே உறையவைத்துக் குளிர்பெட்டியில் வைத்தால், அதுவே ஐஸ், மறுநாள் அதுவே குடிநீர். இன்சுலினை அந்த ஐஸ் மேல் நேரடியாக வைக்காதீர்கள், உறைந்தால் மருந்து கெட்டது கெட்டதுதான். துண்டில் சுற்றி, ஐஸில் படாத மேல் தட்டில் வையுங்கள்.

சாப்பாட்டுக்குப் புளிச்சோறும், மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லியும். தேங்காய்ச் சட்னி இந்த வெக்கையில் மதியம் தாண்டாது. சோற்றைத் தட்டில் பரப்பி முழுக்க ஆறவிட்டுக் கட்டுங்கள், சூட்டோடு மூடினால் வேர்த்து ஊசிப்போகும். மிச்சத்தை வெளியே விடாதீர்கள். உபினின் காட்டுப்பன்றியும் குரங்கும் பிளாஸ்டிக் பைச் சத்தத்துக்கே வந்துவிடும்.

காலையில் கூடாரத் துணி ஈரமாகத்தான் இருக்கும். அப்படியே சுருட்டிக் கொண்டுவந்து, அன்றைக்கே வீட்டில் துணி காயப்போடும் கழியில் விரித்துவிடுங்கள். ரெண்டு நாள் பைக்குள் கிடந்தால் பூசணம் பிடித்து, தையல் வழியே அடுத்த மழை உள்ளே வரும்.