கத்தி நிகழ்ச்சிகளைப் பார்த்துச் சேகரிக்கத் தொடங்குபவர்கள் செய்யும் தவறுகள்

'ஃபோர்ஜ்ட் இன் ஃபயர்' பார்த்துக் கத்தி மேல் ஆசை வந்தவர்கள் நிறையப் பேர். 2015-இல் ஹிஸ்டரி சேனலில் தொடங்கிய போட்டி அது. நான்கு கொல்லர்கள் கடிகாரத்தோடு போட்டி போட்டு இரும்பை அடித்து அலகாக்குவார்கள். கடைசியில் ஜெயிப்பவருக்கு 10,000 டாலர். எனக்கும் ரொம்பப் பிடித்த நிகழ்ச்சிதான். ஆனால் திரையில் பார்த்ததை அப்படியே வீட்டில் செய்தால் நல்ல கத்திகள் பாழாகிவிடும்.

அங்கே நடக்கும் சோதனைகளை எல்லாக் கத்திக்கும் பொதுவான அளவுகோலாக எடுத்துக்கொள்வது முதல் தவறு. பனிக்கட்டி, எலும்பு என்று ஓங்கி வெட்டிக் காட்டுவார்கள். ஆனால் மெல்லிசாகச் சீவுவதற்கென்று செய்த சமையல் கத்தியின் கடினம் பெரும்பாலும் ராக்வெல் அளவில் (உலோகக் கடினத்தை அளக்கும் முறை) 60-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். இவ்வளவு கடினமான எஃகு வளையாமல் பெயரும், விளிம்பும் மிக மெல்லியது. எலும்பில் ஒரு போடு போட்டால் விளிம்பில் பிறை மாதிரி ஒரு சில்லு பெயர்ந்து போகும். அதற்காக அது மட்டமான கத்தி ஆகிவிடாது. எதை வெட்டுவதற்காகச் செய்தது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

அடுத்தது டமாஸ்கஸ் மோகம். அலையலையான கோடுகளைப் பார்த்ததும் தரமான எஃகு என்று முடிவு கட்டிவிடுகிறோம். இன்று டமாஸ்கஸ் என்று விற்பவை பெரும்பாலும் இரண்டு வகை எஃகை அடுக்கி, காய்ச்சி, ஒன்றாக அடித்து இணைத்தவை. 1084, 15என்20 என்ற எஃகு வகைகள் பலர் பயன்படுத்தும் ஜோடி. 15என்20-இல் சுமார் 2 சதவீதம் நிக்கல் இருப்பதால் எஃகை அரிக்கும் ஃபெரிக் குளோரைடு கரைசலில் முக்கி எடுத்தாலும் அது வெள்ளையாகவே நிற்கும், மற்றது கறுக்கும். கோலம் இப்படித்தான் வருகிறது. கத்தி எவ்வளவு நாள் கூர் தாங்கும் என்பதைக் கோலத்தை வைத்துச் சொல்ல முடியாது. எஃகின் வகையும் பதம் போட்ட விதமும்தான் சொல்லும். வெறும் மேற்பரப்பில் கோலத்தைப் பொறித்த போலிகளும் உண்டு. அலகின் முதுகுப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அசலில் அடுக்குகள் முதுகிலும் தொடர்ந்து ஓடும். போலியில் பெரும்பாலும் ஓரத்தோடு நின்றுவிடும்.

பதம் போடுவதில் திரையில் நாம் பார்ப்பது பாதிதான். பழுக்கக் காய்ச்சிய அலகை எண்ணெயில் முக்கும்போது எழும் தீ பார்க்க அழகு. அந்த நிலையில் அலகு கண்ணாடி போல உடையக்கூடியது. அப்புறம் சுமார் 200 டிகிரி செல்சியஸில் ஒரு மணி, இரண்டு மணி நேரம் வைத்துத்தான் அந்த விறைப்பைத் தணிக்கிறார்கள். பார்க்கச் சுவாரசியம் இல்லாததால் இதைப் பெரிதாகக் காட்டுவதில்லை. வீட்டில் முயல்பவர்கள் விட்டுவிடுவதும் இதைத்தான். கூடவே ஒன்று: துத்தநாகம் பூசிய இரும்பை உலையில் வைக்கவே கூடாது, அந்தப் புகை காய்ச்சலில் படுக்க வைத்துவிடும்.

எனக்கு அதிகம் வலிப்பது பழைய கத்திகளைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது. துருப்பிடித்த கத்தி கண்ணாடியாக மாறும் காட்சியைப் பார்த்ததும் கை பரபரக்கும். ஆனால் பழைய கார்பன் எஃகில் காலப்போக்கில் படிந்த சாம்பல் கறுமைக்குச் சேகரிப்பாளர்கள் தனி மதிப்பு தருகிறார்கள். சக்கரத்தில் பிடித்தால் அதோடு தயாரிப்பாளரின் முத்திரையும் மங்கும். ஜப்பானிய வாளில் கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் அடிப்பகுதித் துருவை எப்போதுமே சுரண்டக் கூடாது. வாளின் வயதைக் கணிக்க நிபுணர்கள் பார்ப்பவற்றில் அந்தத் துருவின் நிறமும் ஒன்று. கொல்லர் பெயர் பொறித்திருப்பதும் அங்கேதான். பழைய கத்தியின் அலகில் செந்துரு இருந்தால் எண்ணெய் தொட்ட துணியால் மெல்லத் துடையுங்கள், போதும்.

தோல் உறையில் போட்டே வைத்திருப்பதும் வேண்டாம். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். எஃகில் துருவும் பித்தளையில் பச்சைக் களிம்பும் ஏறும். அலகை வெறும் விரலால் தொட்டால் வியர்வைத் தடம் விழும், உடனே துடைத்துவிடுங்கள்.

சரி, டிவியில் கத்தி விற்கும் நிகழ்ச்சிகளுக்கு வருவோம். ஒரே விலைக்கு இத்தனை கத்திகள் என்று எண்ணிக்கையைக் காட்டி விற்பார்கள். எஃகின் பெயரைக் கேளுங்கள். '440' என்று மொட்டையாகச் சொன்னால் போதாது: 440ஏ-யில் கார்பன் 0.60 முதல் 0.75 சதவீதம், 440சி-யில் 0.95 முதல் 1.20 சதவீதம். கூர் எவ்வளவு நாள் நிற்கும் என்பதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம். பழைய கத்தியின் கைப்பிடி யானைத் தந்தம் என்றால் இன்னும் கவனம் தேவை. தந்தத்தின் சர்வதேச வணிகத் தடை 1990 முதல் நடைமுறையில் இருக்கிறது. உரிய ஆவணம் இல்லாமல் எல்லை தாண்டினால் சுங்கத்தில் பறிமுதல் ஆகலாம். பணம் கட்டும் முன்பே அந்தக் காகிதங்களைக் காட்டச் சொல்லுங்கள்.